வாட்ஸ் கணக்கும் வசனமும்: ஏவி ரிசீவர் வந்த கதை

"ஹோம் தியேட்டருக்கு ஏவி ரிசீவர் வாங்கணும், எது வாங்கலாம்?" மாசத்துக்கு ஒருவராவது என்னைக் கேட்டுவிடுகிறார்கள். பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவனை ஏன் கேட்கிறார்கள் என்றால், சின்ன எழுத்தில் அச்சடித்ததைப் படிப்பதுதான் என் பிழைப்பு :-) மாடல் பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை, வருஷா வருஷம் மாறும். ஆனால் இந்தப் பெட்டியின் சரித்திரம் தெரிந்தால், எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் பெயர். "ரிசீவர்" என்பது ரேடியோக் காலத்துப் பெயர். 1954-ல் ஹார்மன் கார்டன் கம்பெனி ஃபெஸ்டிவல் டி1000 என்று ஒன்றை விற்றது. ரேடியோ ட்யூனரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள். அதுவும் மோனோதான். பிறகு விசிஆர் வந்தது, வீடியோ சாக்கெட்டுகள் சேர்ந்தன, "ஏவி" என்ற இரண்டு எழுத்தும் முன்னால் ஒட்டிக்கொண்டது.

தியேட்டர் இதற்கெல்லாம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 1940-லேயே வால்ட் டிஸ்னி 'ஃபேன்டேசியா' படத்துக்காக ஃபேன்டசவுண்ட் என்ற பல ஸ்பீக்கர் ஏற்பாட்டைச் செய்தார். 1953-ல் சினிமாஸ்கோப்பில் வந்த 'தி ரோப்' படத்துக்கு நாலு ஒலித்தடம்: இடது, நடு, வலது, பின்னால் ஒன்று. இந்த நடு ஸ்பீக்கரைக் கவனியுங்கள். அதன் முக்கிய வேலை வசனம். தியேட்டரில் ஓர ஸீட்டில் உட்கார்ந்தவனுக்கும் பேச்சு திரையிலிருந்தே வர வேண்டும் என்பதற்காக வைத்தது அது.

அடுத்து ரே டால்பி. இவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் இந்தியாவில் இருந்தவர்! அதற்குப் பிறகு 1965-ல் லண்டனில் டால்பி லேபரட்டரீஸைத் தொடங்கினார். எழுபதுகளின் நடுவில் டால்பி ஸ்டீரியோ, ஃபிலிம் ஓரத்திலிருக்கும் இரண்டே தடத்துக்குள் நாலு சேனலை மடித்து வைத்தது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே வித்தை 1982-ல் டால்பி சரவுண்ட் என்று வீட்டுக்கு வந்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள், வீட்டுக்கு வந்ததில் பின் ஸ்பீக்கர் இருந்தது, நடு ஸ்பீக்கர் இல்லை! 1987-ல் புரோ லாஜிக் வந்தபோதுதான் அது கூடத்துக்குள் நுழைந்தது. 'தி ரோப்' வந்து 34 வருஷம் கழித்து.

பிறகு எல்லாம் வேகம்தான். 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலில், 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ்ஸில். தமிழும் பின்தங்கவில்லை. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பியில், 1996-ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில். டிவிடி வந்ததும் நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் ஐங்கரன் டிவிடியின் அட்டையில் 5.1 இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தோம். 2012-ல் 'சிவாஜி 3டி' அட்மாஸில் வந்தது. 2014-ல் அட்மாஸ் வீட்டு ரிசீவருக்கும் வந்து, கூரையிலும் ஸ்பீக்கர் மாட்டச் சொன்னது.

5.1, 7.1, 7.1.4 என்று எண் ஏறிக்கொண்டே போகிறது. வெதுருகுப்பத்தில் என் நைனாவுக்கு இதில் எதுவும் வேண்டாம். அவர் கேட்பது ஒன்றுதான்: "பாட்டு காதைப் பொளக்குது, பேசறது மட்டும் புரியலையே, ஏம்பா?" வயசாகிவிட்டது, காது மந்தம். இன்னொன்றும் இருக்கிறது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. ஒரு நாள் தமிழ்ப் படம், மறுநாள் தெலுங்குப் படம். லீவுக்குப் போகும் என் பிள்ளைகளுக்கோ தமிழே தடுமாற்றம். தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால் ஐந்து சாதா ஸ்பீக்கரை விட, முன்னால் மூன்று நல்ல ஸ்பீக்கர் மேல். ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்ட முடியும், ஒன்றிரண்டு டெசிபல் கூட்டுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' மாதிரி பழைய மோனோ படங்களுக்கு "ஆல் சேனல் ஸ்டீரியோ" போடாதீர்கள். புரோ லாஜிக் அல்லது டால்பி சரவுண்ட் மோடில் போட்டால் பேச்சு நடுவிலிருந்து வரும்.

இப்போது நம்ம சப்ஜெக்ட், கணக்கு! தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அது கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் எண். அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்து, 1974-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வாட்ஸை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. 2024-ல் அதைப் புதுப்பித்தார்கள். பேங்க் பாஷையில் சொன்னால் இது ஃப்ளாட் வட்டிக்கும் குறையும் பாக்கி வட்டிக்கும் உள்ள வித்தியாசம். 1 லட்சம் கடன், 3 வருஷம், 10 சதவீதம் ஃப்ளாட் என்பார்கள். மாதத் தவணை போட்டுப் பார்த்தால் உண்மை வட்டி 18 சதவீதத்தை நெருங்கும். அதே மாதிரி "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீதம் டிஸ்டார்ஷன்" என்ற வரியை விட்டுவிட்டு, "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல்" என்று போட்ட வரியைப் பாருங்கள். அதுதான் குறையும் பாக்கி வட்டி. 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். அதற்காக இரண்டு மடங்கு பணம் கொடுக்காதீர்கள்.

சாக்கெட்டுக்கு வருவோம். ஹெச்டிஎம்ஐ வந்தது 2002-ல். டிவியின் சத்தம் அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பும் ஏஆர்சி 2009-ல். அதன் பெரிய தம்பி இஏஆர்சி 2017-ல். இன்று படம் வருவது பெரும்பாலும் டிவியில் இருக்கும் ஆப்களிலிருந்து. ஆகவே பழைய ரிசீவர் மலிவாகக் கிடைத்தாலும் ஏஆர்சியாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, இங்கே அமெரிக்காவில் வாங்கி ஊருக்குத் தூக்கிப் போக நினைப்பவர்களுக்கு. இங்கே 120 வோல்ட், ஊரில் 230 வோல்ட். இங்கே விற்கும் ரிசீவர்கள் பெரும்பாலும் 120-க்கு மட்டுமே. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் செலவு, பெட்டியின் எடை, ஊரில் செல்லாத வாரண்டி எல்லாம் கூட்டினால் மிச்சம் ஒன்றும் இராது. சென்னையிலோ திருப்பதியிலோ வாங்கிக்கொள்வது லாபம். நைனாவுக்கு நான் வாங்கப் போவதும் அங்கேதான். 5.1 போதும், கூரைக்கு ஸ்பீக்கர் வேண்டாம். மிச்சமாகும் காசு நடு ஸ்பீக்கருக்கு.