மால்குடி இல்லாத 'கைடு'

எழுத்திலிருந்து திரைக்கு – 14

1962-ம் ஆண்டு. 'ஹம் தோனோ' படத்துடன் பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தார் தேவ் ஆனந்த். அமெரிக்க இயக்குநர் டாட் டேனியலெவ்ஸ்கியும், 1938-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை பெர்ல் பக்கும் அவரோடு சேர்ந்து ஒரு படம் எடுக்க ஆர்வம் காட்டிவந்த நேரம் அது. எந்தக் கதை என்பதுதான் முடிவாகவில்லை. அப்போது யாரோ ஒரு நாவலின் பெயரைச் சொன்னார்கள். தேவ் ஆனந்த் அதை லண்டனில் வாங்கி ஒரே மூச்சில் படித்துவிட்டு, இதுதான் என் படம் என்று தீர்மானித்தார். ஆர்.கே.நாராயண் எழுதிய 'தி கைடு' அந்த நாவல்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஒரு நாவலிலிருந்து இரண்டு படங்கள் பிறந்தன. ஒன்று அடையாளம் தெரியாமல் மறைந்தது. இன்னொன்று இந்தி சினிமாவின் சிகரங்களில் ஒன்றாக நிற்கிறது. இரண்டுமே நாவலாசிரியரின் மனதைப் புண்படுத்தின.

காவிரிக்கரையில் பிறந்த கதை

சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் நாராயண். மைசூர் வட்டாரத்தில் ஒருமுறை கடும் வறட்சி. மழை வேண்டி நகராட்சியே பிரார்த்தனைக்கு ஏற்பாடு செய்தது. வேத விற்பன்னர்கள் சிலர் காவிரியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, உண்ணாமல் பதினோரு நாள் ஜெபித்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. தன் நினைவுக் குறிப்புகளில் நாராயணே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஊருக்காக உண்ணாநோன்பு இருப்பவன் உண்மையான சாமியாராக இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் 1956-ல் அவர் அமெரிக்கா போனார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு ஓட்டல் அறையில் தங்கி எழுதினார். 1958-ல் நாவல் வெளிவந்தது. 1960-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலுக்கு அந்த விருது வந்தது அதுவே முதல் முறை.

நாவலின் கதை இது. நாராயணின் கற்பனை ஊரான மால்குடியின் ரயில் நிலையத்தில் கடை வைத்திருக்கும் ராஜு, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகிறான். குகை ஓவியங்களை ஆராய வரும் மார்கோவின் மனைவி ரோஸி, ஆடல் மரபுள்ள குடும்பத்தில் பிறந்து எம்.ஏ. படித்தவள். ராஜு அவளைப் புகழ்பெற்ற நடனக்காரியாக்குகிறான், அவள் சம்பாத்தியத்தில் வாழ்கிறான், கடைசியில் அவள் கையெழுத்தைப் போட்டு மோசடி செய்து சிறைக்குப் போகிறான். வெளியே வந்து ஒரு பாழடைந்த கோயிலில் ஒதுங்கியவனை வேலன் என்ற கிராமத்தான் மகானாக்கிவிடுகிறான். வேலனின் தம்பி ஒரு செய்தியைத் தப்பாகக் கொண்டுபோய்ச் சொல்ல, மழை வரும்வரை சாமி சாப்பிடமாட்டார் என்று ஊரே நம்பிவிடுகிறது. ராஜு தன் கதை முழுவதையும் வேலனிடம் ஒப்புக்கொண்டும், அந்த நம்பிக்கை அசையவில்லை.

அந்த உண்ணாநோன்பைப் படமெடுக்க நாவலுக்குள்ளேயே ஓர் அமெரிக்கர் கேமராவோடு வந்து இறங்குகிறார். அதே காட்சி தன் வாழ்க்கையிலும் நடக்கப்போகிறது என்று எழுதும்போது நாராயண் நினைத்திருக்க மாட்டார்.

இது உங்கள் மால்குடி அல்ல

சினிமா நாராயணுக்குப் புதிதல்ல. 1947-ல் ஜெமினி நிறுவனத்துக்காக, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'மிஸ் மாலினி'க்குக் கதை எழுதியவர் அவர். ஆனால் இப்போது வந்தது பம்பாயும் அமெரிக்காவும் சேர்ந்த பெரிய முதலீடு. படக்குழுவினர் மைசூர் வந்தபோது மிகுந்த உற்சாகத்தோடு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார். ஆற்றங்கரை, பழைய கோயில், சின்னஞ்சிறு ஊர்கள், மலைகள் என்று தன் கற்பனை மால்குடிக்கு ஆதாரமான இடங்களை எல்லாம் அவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள். பிறகு படப்பிடிப்பு ராஜஸ்தானில் என்று அவருக்குத் தெரிந்தது. உதய்ப்பூரும் சித்தோர்கர் கோட்டையும் அகலத்திரையில், வண்ணத்தில் எடுபடும் என்பது அவர்கள் கணக்கு.

மால்குடி எங்கே இருக்கிறது என்று அதைப் படைத்தவருக்கே பாடம் சொன்னார்கள். கதையை மாற்றும் உரிமையை ஒப்பந்தம் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்திருந்தது. இந்த அனுபவத்தைப் பின்னாளில் அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் ஒரு கட்டுரையாக எழுதினார் நாராயண்.

ஊர் மாறியது சின்ன விஷயமா? இல்லை என்பதே என் முடிவு. ராஜு தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றில், தண்டவாளம் வந்ததைப் பார்த்து வளர்ந்த கடைக்காரர் மகன். கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிப் பிழைப்பவன். அவனுடைய பொய்கள் அந்தச் சின்ன ஊரின் அளவுக்கே சின்னவை. அரண்மனைகளும் கோட்டைகளும் சூழ்ந்த நிலத்தில் நிறுத்தியதும் அவன் காதல் நாயகனாகிவிட்டான். நாயகன் என்றானபின் அவன் மோசடிக்கும் ஒரு காதல் காரணம் தேவைப்பட்டது. ரோஸி கணவனைப் பிரிவதற்கும் நியாயம் தேவைப்பட்டது. நாவலில் மார்கோ மனைவியின் ஆசையை மதிக்காத, ஆராய்ச்சியில் மூழ்கிய மனிதன், அவ்வளவுதான். இந்திப் படத்தில் அவன் குகைக்குள் வேறொரு பெண்ணோடு இருப்பதை ரோஸியே கண்டுபிடிக்கிறாள். ஊரை மாற்றியதில் தொடங்கிய மாற்றம், மனிதர்களை மாற்றி, கடைசிப் பக்கம்வரை போனது.

செங்கல்பட்டில் பிறந்து பரதநாட்டியம் பயின்ற வஹீதா ரஹ்மான் ரோஸியானார். மண்ணுக்கும் பாத்திரத்துக்கும் இதைவிடப் பொருத்தமான நடிகை கிடைத்திருக்க முடியாது. சத்யஜித் ரே இந்த நாவலைப் படமாக்க விரும்பியதாக வஹீதா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு தளம், இரண்டு இயக்குநர்கள்

ஒரே காட்சியை அடுத்தடுத்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் எடுப்பது முதல் திட்டம். ஆங்கிலத்துக்கு டேனியலெவ்ஸ்கி, இந்திக்கு தேவ் ஆனந்தின் அண்ணன் சேத்தன் ஆனந்த். கேமராவை எங்கே வைப்பது என்பதிலிருந்தே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. முதலில் ஆங்கிலப் படத்தை முடிப்பது, இந்தியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. இதற்கிடையே சேத்தன், சீனப் போரைப் பற்றிய 'ஹகீகத்' படத்துக்குப் போய்விட்டார்.

பெர்ல் பக்கும் டேனியலெவ்ஸ்கியும் சேர்ந்து எழுதிய ஆங்கிலப் படம் 1965-ல் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. எடுபடவில்லை. இந்த மண்ணின் மனிதர்களை அது வேடிக்கைப் பொருளாகப் பார்த்தது.

இந்திப் படத்தைக் காப்பாற்றியவர் தேவ் ஆனந்தின் தம்பி விஜய் ஆனந்த். முதலில் தயங்கியவர், ஒப்புக்கொண்டபின் ஆங்கிலப் பிரதியை ஒதுக்கிவிட்டுத் திரைக்கதையையும் வசனத்தையும் புதிதாக எழுதினார். இசையமைப்பாளர் எஸ்.டி.பர்மன் நோய்வாய்ப்பட்டபோதும் வேறொருவரைத் தேடாமல் தேவ் ஆனந்த் காத்திருந்தார். கணவனைப் பிரிந்த பெண்ணும் சிறை சென்ற நாயகனும் கொண்ட கதையை வாங்க விநியோகஸ்தர்கள் அஞ்சினார்கள். படம் வந்தது, நிலைத்தது. 1967-ல் நடந்த பிலிம்பேர் விழாவில் சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, கதை, வசனம், ஒளிப்பதிவு என ஏழு விருதுகள். சிறந்த கதைக்கான விருது நாராயணுக்கு.

மழை பெய்ததா?

நாவலின் கடைசிப் பக்கத்தில் ஆற்றுக்குள் தாங்கிப் பிடிக்கப்பட்டு நிற்கும் ராஜு மலைப்பக்கம் மழை பெய்வதாக உணர்கிறான், தளர்ந்து சாய்கிறான். மழை உண்மையா, மயக்கமா? அவன் இறந்தானா? நாராயண் சொல்லவில்லை. நம்பிக்கை ஒரு பொய்யனையும் புனிதனாக்குமா என்ற கேள்வியை வாசகரிடமே விட்டுவிட்டார். இந்திப் படத்தில் ரோஸியும் ராஜுவின் தாயும் வந்து சேர்கிறார்கள், மழை கொட்டுகிறது, ராஜு உயிர் துறந்து மகானாகிறான்.

விஜய் ஆனந்தின் முடிவில் பொய் இல்லை. அது அவர் முழு மனதோடு நம்பிய ஆன்மிகக் கதை, அதனால்தான் இன்றும் பார்ப்பவர்களை உலுக்குகிறது. ஆனால் அது நாராயணின் கதை அல்ல.

நாவலுக்கு விசுவாசமாக இருந்தால் படம் ஓடாது என்று அன்று சொன்னவர்களுக்கு இருபது ஆண்டு கழித்துப் பதில் கிடைத்தது. 1980-களில் இயக்குநர் ஷங்கர் நாக், கர்நாடகத்தின் ஆகும்பே என்ற மலைக் கிராமத்தில் மால்குடியை எழுப்பினார். நாராயணின் தம்பி ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் எல்.வைத்தியநாதனின் இசையுமாக, நாராயணின் கதைகளைக் கொண்ட 'மால்குடி டேஸ்' தொடர் தூர்தர்ஷனில் வந்தபோது நாடே அதைக் கொண்டாடியது. அரண்மனை இல்லை, கோட்டை இல்லை. ஊர் ஊராகவே இருந்தது, மனிதர்களும் மனிதர்களாகவே இருந்தார்கள்.

நாவலைப் படமாக்குகிறவர் வரிக்கு வரி எடுக்க வேண்டியதில்லை. பாத்திரங்களைக் குறைக்கலாம், காட்சிகளைச் சேர்க்கலாம். ஆனால் எந்த மண்ணில் அந்த மனிதர்கள் முளைத்தார்களோ அந்த மண்ணை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 'கைடு' படத்தை ரசித்தவர்கள் அவசியம் நாவலையும் படியுங்கள். தேவ் ஆனந்தின் ராஜு கண்கலங்க வைப்பான். நாராயணின் ராஜு உங்களை யோசிக்க வைப்பான்.

(தொடரும்)