பேசாத படம் வாங்கிக் கொடுத்த ஓட்டு

கம்மாபுரத்துப் பக்கம் நெய்வேலி சுரங்கம் யாருக்கும் புதிதல்ல. ஆனால் 2020 பிப்ரவரியில் அங்கே கூடிய கூட்டம் புதிது. 'மாஸ்டர்' படப்பிடிப்பில் இருந்த நடிகர் விஜய்யை வருமான வரித்துறையினர் அங்கிருந்தே சென்னைக்கு அழைத்துச் சென்று விசாரித்தார்கள். திரும்பி வந்தவர், வாசலில் திரண்ட ரசிகர்களுக்கு முன் ஒரு வண்டியின் மேல் ஏறி, மொத்தக் கூட்டமும் தெரிய ஒரு செல்ஃபி எடுத்தார். அதை நெய்வேலிக்கு நன்றி சொல்லி ட்விட்டரில் போட்டார். சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் செய்யப்பட்டது அதுதான்.

வாயைத் திறக்காமல் படத்தை மட்டும் காட்டுவது தமிழ்நாட்டில் பழைய வித்தை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதமே தேர்தல். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார்.

பதினேழு வருடம் கழித்து அதே கதை, இந்த முறை வீடியோவில். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு போனார்கள். டிசம்பர் 24 தேர்தல். அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மறுத்து அறிக்கை விட்டால் யார் நம்புவார்கள்? மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் படம் பிடித்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள் கட்சிக்காரர்கள். தலைவரைக் கண்ணால் பார்த்தாயிற்று, போதாதா!

அ.தி.மு.க. 132 இடங்களில் வென்றது. எம்.ஜி.ஆர். ஊரிலேயே இல்லாமல் ஆண்டிபட்டியில் வென்றார். (இந்திரா காந்தி படுகொலையால் எழுந்த அனுதாபமும், காங்கிரஸ் கூட்டணியும் சேர்ந்துதான். வீடியோவுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது.) ஆனால் அந்தப் படம் ஒன்றைக் காட்டவில்லை. நோய் அவருடைய பேச்சைப் பாதித்திருந்தது. இவரால் ஆட்சி நடத்த முடியுமா என்பது வாக்காளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. படமோ, இருக்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றார். பேச்சு கடைசிவரை பழையபடி ஆகவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று, தேர்தல் நடந்து சரியாக மூன்று வருடத்தில் காலமானார்.

கம்மாபுரத்துக்குப் பக்கத்து விருத்தாசலத்துக்கு வருவோம். 2006-ல் விஜயகாந்தின் தே.மு.தி.க. வென்ற ஒரே தொகுதி அது. பா.ம.க. பலமாக இருந்த மண்ணில், 1991-ல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' கொடுத்த பட்டப்பெயரோடு வந்து ஜெயித்தார். 2011-ல் எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். அதன் பிறகு திரை அவருக்கு எதிராகத் திரும்பியது. அவர் கோபப்படுவது, பேச்சில் தடுமாறுவது என்று துண்டு துண்டாக வெட்டி, செல்போன் வைத்திருந்தவர் எல்லாம் சுற்றுக்கு விட்டார்கள். உடல்நலம் கெட்டிருந்த மனிதரைக் கேலிப்பொருளாக்கியது கொடுமைதான். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் தோற்றார்.

எம்.ஜி.ஆர். நோயில் இருந்தபோது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்தது சொந்தக் கட்சிக்காரர்கள். விஜயகாந்துக்கு அந்த வசதி இல்லை. நெய்வேலியில் கேமரா விஜய்யின் கையிலேயே இருந்தது. 2024 பிப்ரவரி 2 அன்று தமிழக வெற்றிக் கழகத்தை அறிவித்தபோதும் அவர் மேடை போடவில்லை. வலைதளத்தில் ஓர் அறிக்கை போட்டார், அவ்வளவுதான்.