பணிப்பாய்வு

பணிப்பாய்வு என்பது ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை எந்தெந்தப் படிகளில், யார் யார் கைவழியாக, எந்த வரிசையில் நகர்கிறது என்பதைக் குறிக்கும் மேலாண்மைக் கலைச்சொல். பணி, பாய்வு என்னும் இரு சொற்களின் கூட்டு. பணியோட்டம் என்றும் வழங்கும்.

வரலாறு: இக்கருத்தின் வேர் தொழிற்சாலைகளில் உள்ளது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் அறிவியல் மேலாண்மைக் கொள்கைகளை நூலாக வெளியிட்டார். ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் வேலைப் படிகளைக் குறியீடுகளால் காட்டும் செயல்முறை வரைபடத்தை அறிமுகப்படுத்தினர். கணினி வந்தபின் இச்சொல் மென்பொருள் துறையில் பெருவழக்காயிற்று. 1993-இல் பணிப்பாய்வு மேலாண்மைக் கூட்டமைப்பு தோன்றி, இத்துறைக்கான தரங்களை வகுத்தது.

கூறுகள்: தொடக்க நிகழ்வு, படிகள், ஒவ்வொரு படிக்கும் பொறுப்பாளர், முடிவெடுக்கும் கிளைகள், இறுதி விளைவு. படிகள் ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒரே நேரத்தில் இணையாகவோ நடக்கலாம்.

எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டில் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் தரும் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என நகரும். ஆவணம் குறைந்தால் திருப்பி அனுப்பப்படுவது ஒரு கிளை. சான்றிதழ் வழங்கப்படுவது விளைவு.

வேறுபாடு: செய்ய வேண்டியவற்றின் பட்டியல் பணிப்பாய்வு ஆகாது. வரிசையும் பொறுப்பும் கைமாறும் இடமும் குறிக்கப்பட்டால்தான் அது பணிப்பாய்வு. தாமதம் பெரும்பாலும் கைமாறும் இடங்களிலேயே நேர்வதால், சீரமைப்பும் அங்கிருந்தே தொடங்கப்படுகிறது.