பத்தாயிரம் வாக்குகளும் ஒன்பது ஆசனங்களும்

போர் மூண்டால் முதலில் தள்ளிவைக்கப்படுவது தேர்தலே என்பது வரலாறு கூறும் செய்தி. 1935 இல் தெரிவான பிரித்தானியப் பாராளுமன்றம் 1945 வரை நீடிக்கப்பட்டது. 1936 இல் தெரிவான நமது இரண்டாவது அரசாங்க சபையும் 1947 வரை நீண்டது. ஆயின், தேர்தல் குறித்த நாளில் நடந்தேறியும் மக்கள் குரலற்றுப் போகலாம் என்பதற்கு 1994 ஆகஸ்ட் 16 இல் நடைபெற்ற பொதுத் தேர்தல் சான்றாக நிற்கின்றது. அதில் நமது தீவகத்துக்கு வாய்த்த பங்கு ஆராயத்தக்கது.

அன்றைய நிலையை முதலில் நோக்குவோம். 1991 அக்டோபரில் நடந்த 'வலம்புரி' இராணுவ நடவடிக்கையின் பின் தீவகம் அரச படைகளின் கையில் இருந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களின் மக்களுட் பெரும்பாலோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்திருந்தனர். எஞ்சியோர் கடற்படையின் காவலுக்குள் வாழ்ந்தனர். படையினரோடு இணைந்து ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி அங்கு இயங்கியது. குடாநாடோ விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. அங்கு வாக்களிப்பே நடைபெறவில்லை.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில் ஏறத்தாழ 6 இலட்சம் வாக்காளர் இருந்தனர். சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 10,744 வாக்குகளைப் பெற்றது. அவற்றின் பெரும்பகுதி தீவகத்தில் விழுந்தவை. மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 அதற்குக் கிடைத்தன. எஞ்சிய ஒன்றை 2,098 வாக்குகளுடன் முஸ்லிம் காங்கிரஸ் பெற்றது.

இதிற் சட்டமீறல் எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. மாவட்டத்துக்குரிய ஆசனத் தொகை பெரும்பாலும் இடாப்பிலுள்ள பெயர்களைக் கொண்டு வகுக்கப்படுகின்றது. ஆசனங்களைப் பங்கிடுவதோ அளிக்கப்பட்ட வாக்குகளைக் கொண்டு. இத்தனை பேராவது வாக்களித்திருக்க வேண்டும் என்ற எல்லை எதுவும் இல்லை. ஆகவே, வாக்களிக்க இயலாத இலட்சக்கணக்கானோரின் பெயர்கள் ஆசனங்களை ஈட்டின. தீவகத்தின் சில ஆயிரம் வாக்குகள் அவற்றை நிரப்பின.

இதற்காகத் தீவக மக்கள்மீது பழி சுமத்துவோர் உளர். அது நீதியன்று. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அரிசியும் மண்ணெண்ணெயும் கடல் கடந்தே வரவேண்டும். மீனவன் கடலில் இறங்கவும் அன்று கடற்படை இசைய வேண்டியிருந்தது. உணவும் தொழிலும் ஆயுதந் தாங்கியோரின் தயவில் நிற்கும் இடத்தில், வாக்குச் சீட்டு மட்டும் தனித்துச் சுதந்திரமாக நிற்குமா? மறுபுறம், குடாநாட்டவருக்கோ அந்தச் சீட்டே மறுக்கப்பட்டது. இருசாராரும் இழந்தவர்களே.

இவ்வாசனங்கள் வெறும் அலங்காரமும் அல்ல. சந்திரிகா குமாரதுங்கவின் பொதுசன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களையே பெற்றிருந்தது. முஸ்லிம் காங்கிரசின் 7 உறுப்பினரும் மலையகத்தின் சந்திரசேகரனும் சேர்ந்தபோதுதான் 225 பேர் கொண்ட சபையில் 113 என்ற எண்ணிக்கை நிறைந்தது. ஒரே ஓர் ஆசனத்திற் பெரும்பான்மை தங்கியிருந்த சபையில், ஒன்பது ஆசனங்களின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

அவ்வரசாங்கம் சமாதான வாக்குறுதியோடு பதவியேற்றது. 1995 ஏப்ரலிற் பேச்சுவார்த்தை முறிந்து போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று அம்மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்திற் பத்து உறுப்பினர் இருந்தனர். நடந்து சென்றோருள் அவர்களைத் தெரிவுசெய்ய வாய்ப்புப் பெற்றிருந்தோர் எத்தனை பேர்?

2000 அக்டோபரில், குடாநாட்டின் பெரும்பகுதியிலும் வாக்களிப்பு நடந்தபோது, அதே கட்சிக்கு அம்மாவட்டத்திற் கிடைத்தவை 4 ஆசனங்கள். வாக்களிக்கும் வாய்ப்பு விரிந்ததும் கணக்கு மாறிற்று. போர் முடிந்து இடாப்புகள் திருத்தப்பட்ட பின்னரோ ஆசனத் தொகையே சுருங்கியது. 2010 இல் 9 ஆக இருந்தது, 2024 இல் 6 ஆயிற்று. இறந்தோரும் புலம்பெயர்ந்தோரும் பட்டியலினின்று நீங்கியதன் விளைவு அது.

குடியியற் பாடத்திற் பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் மாணவர்க்கு விளக்குகின்றோம். எத்தனை ஆசனம், எவருக்கு என்பதோடு அவ்விளக்கம் முடிவதன்று. யார் வாக்களிக்க முடிந்தது, எந்த நிலையில் வாக்களித்தார், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்ற கேள்விகளையும் அவர்கள் கேட்கப் பழக வேண்டும். தீவகத்தின் 1994 ஆம் ஆண்டுக் கணக்கு, அதற்கு நம் வாசலிலேயே கிடக்கும் பாடமாகும்.