காலாவதியாகாத தூசு

இத்தாலியின் வடமேற்கில், போ ஆற்றங்கரையில் இருக்கிறது காசாலே மொன்ஃபெர்ராத்தோ. திராட்சைத் தோட்டங்களும் சுண்ணாம்புக் குன்றுகளும் சூழ்ந்த ஊர். சிமெண்டோடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைக் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்கு ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1901-ல் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் இயங்கும் எடெர்னிட் ஆலை 1907-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய் என்று சரக்கு விற்றுத் தீர்ந்தது. தீப்பிடிக்காது, துருவேறாது, விலையும் குறைவு. ஊராருக்கு மாதம் தவறாத சம்பளம்.

சம்பளத்தோடு இன்னொன்றும் ஆலையிலிருந்து ஊருக்குள் வந்தது. குழாய்களைக் கடைந்து சீராக்கும்போது உதிரும் தூளை ஊரார் 'போல்வெரீனோ' என்றார்கள். கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. முற்றத்தில் கொட்டி மண்ணை இறுக்கினார்கள், சந்துகளில் பரப்பினார்கள், குளிர் இறங்காதிருக்கக் கூரைக்கு அடியில் நிரப்பினார்கள். அதன்மேல் பிள்ளைகள் விளையாடினார்கள். ஆலையிலிருந்து வந்த வேலை உடுப்புகளை மனைவிமார் உதறித் துவைத்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் நுரையீரலில் புகுந்தால் கரைவதில்லை. சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும், அது ஆஸ்பெஸ்டோசிஸ். சிலருக்கு நுரையீரல் புற்றுநோய். எல்லாவற்றிலும் கொடியது நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா. அது முப்பது, நாற்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் மூச்சிரைப்பாக வெளிப்படும். கண்டுபிடித்த பிறகு பலருக்கும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் இந்நோய் கண்ட 33 பேரைப் பற்றி மருத்துவர் வாக்னரும் சகாக்களும் 1960-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்லர், பக்கத்தில் குடியிருந்தவர்கள். காசாலே ஆலையோ அதன்பின் இன்னும் 26 ஆண்டுகள் ஓடி, 1986-ல்தான் நின்றது. அதையும் நிறுத்தியது மனசாட்சியல்ல, திவால்.

ரொமானா பிளசோட்டி பவேசியின் கணவர் அந்த ஆலைத் தொழிலாளி. 1983-ல் மீசோதீலியோமா அவரைக் கொன்றது. பிறகு சகோதரி, மருமகன் முறையில் ஒருவர், உறவுப் பெண் ஒருவர், 2004-ல் மகள். ஒரே குடும்பத்தில் ஐந்து பேர். பாதிக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவராக நின்று, ஊரின் வழக்கை உலகறியச் செய்தவர் இந்த அம்மையார்தான்.

2009-ல் டூரின் நகரில் விசாரணை தொடங்கியது. முன்னாள் உரிமையாளர்களான சுவிஸ் தொழிலதிபர் ஸ்டெஃபன் ஷ்மிட்ஹைனியும் பெல்ஜியப் பிரபு ஒருவரும் குற்றம் சாட்டப்பட்டார்கள். தீர்ப்புக்குச் சற்று முன், வழக்கிலிருந்து நகராட்சி விலகிக்கொண்டால் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் யூரோ தருவதாக ஷ்மிட்ஹைனி தரப்பு சொன்னது. நகர மன்றம் சம்மதித்தும்விட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள்; மன்றம் பின்வாங்கியது. நீதிமன்றத் தீர்ப்புகளையெல்லாம் விடப் பெருமைக்குரியது அந்த மறுப்பு.

2012 பிப்ரவரியில் இருவருக்கும் 16 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது ஷ்மிட்ஹைனிக்கு 18 ஆண்டாகக் கூடியது. மற்றவர் அதற்குள் இறந்துவிட்டார். 2014 நவம்பர் 19-ல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. குற்றம் ஆலை மூடிய 1986-லேயே முடிந்துவிட்டதாம். வழக்குக்கான காலவரம்பு தாண்டிவிட்டதாம். அப்போதும் ஊரில் ஆண்டுதோறும் ஐம்பது பேர்வரை அதே நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். நாற்பது ஆண்டு பதுங்கும் நோய்க்கு மூடிய தேதியிலிருந்து கணக்குப் போட்டால், குற்றவாளிக்குப் பொறுமை ஒன்றே போதும்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் ஓயவில்லை. ஆலை மூடிய நாளுக்குப் பதிலாக ஒவ்வொரு மரணத்தையும் தனிக் குற்றமாக எடுத்துக்கொண்டு, 392 பேரின் சாவுக்காக மீண்டும் வழக்கிட்டார்கள். 2023-ல் நொவாரா நீதிமன்றம் ஷ்மிட்ஹைனிக்கு 12 ஆண்டுச் சிறை விதித்தது; 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டில் அது ஒன்பதரை ஆண்டானது. ஷ்மிட்ஹைனி குற்றத்தை மறுத்தே வந்திருக்கிறார்.

நோயுற்ற தென்னாப்பிரிக்கர்களின் தடை வேறு: அங்கே கல்நார்ச் சுரங்கம் நடத்திய கேப் நிறுவனம் பிரிட்டனுடையது, சொந்த நாட்டில் வழக்கு நடத்த அவர்களிடம் பணமில்லை. லண்டனிலேயே வழக்காடலாம் என்று அப்போது பிரிட்டனின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2000-ல் தீர்ப்பளித்த பிறகே, சுமார் 7,500 பேருக்காக 2003-ல் 75 லட்சம் பவுண்டு வந்தது. தலைக்கு ஆயிரம் பவுண்டு. ஒரு நுரையீரலுக்கு இது விலையே அல்ல.

இத்தாலி 1992-ல் கல்நாரைத் தடை செய்தது. இந்தியாவில் இறக்குமதி செய்த வெள்ளைக் கல்நாரில் இன்றும் கூரை ஷீட் தயாராகிறது. ஆனால் நோயின் காலக்கணக்கைப் புரிந்துகொண்ட தீர்ப்பு ஒன்று நம்மிடம் உண்டு. 1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை விட்டபின் 15 ஆண்டு, இரண்டில் பிந்தியதுவரை நிர்வாகம் காக்க வேண்டும் என்றது. ஆஸ்பெஸ்டோசிஸ் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் உத்தரவானது.

வீட்டில் யாராவது ஷீட் கம்பெனியிலோ, கப்பல் உடைப்பிலோ, கொதிகலன் உறை வேலையிலோ இருந்திருந்தால், அந்தப் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். மூச்சிரைப்பு வந்தால் மருத்துவரிடம் அந்த வேலையைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.