யாரிடம் கற்றவர்?

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு குறிப்புகள் உள்ளன. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியில் வெட்டியவை. உருவத்தைச் செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருடைய மாணாக்கர் என்ற அளவில் பல குறிப்புகள் முடிந்துவிடும். குணசாகர பட்டாரகர், திருச்சாரணத்துக் குரத்திகள் என ஆசிரியர் பெயர்கள் வருகின்றன. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். திருச்சாரணம் இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால். இவை கொடைக் குறிப்புகள்தானே, சான்றிதழாகப் படிக்கலாமா என்று கேட்பார்கள். படிக்கக் கூடாதுதான், புண்ணியம் தேடி வெட்டியவை அவை. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்ல நாலைந்து சொற்களே கிடைக்கும் இடத்தில் ஆசிரியர் பெயருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கற்றவரை எடைபோடக் கற்பித்தவர் யார் என்று பார்த்த சமூகம் அது.

மருத்துவத்தில் இந்த வழக்கம் இன்னும் நெடுங்காலம் நீடித்தது. இன்னாரிடம் பாடம் கேட்டவர், இன்னாருக்கு மருந்து அரைத்துக் கொடுத்தவர் என்பதே வைத்தியருக்கு அடையாளம். 1914-இல் வந்த சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் அந்த இடத்தில் பட்டத்தையும் பதிவேட்டையும் வைத்தது. நாட்டு வைத்தியர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். நாட்டு மருத்துவத்தை ஆராய அரசு 1921-இல் உஸ்மான் குழுவை அமைத்ததும், 1924-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறந்ததும் அதன் பிறகுதான். பதிவேட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஆசிரியரை அறிந்த ஊரில்தான் ஆசிரியர் பெயர் செல்லும். ரயிலேறி வந்த நோயாளிக்கு அந்தப் பெயரால் என்ன பயன்? தவிர, பரம்பரை என்பது பல இடங்களில் குடும்பத்துக்கும் சாதிக்கும் உள்ளேயே பூட்டிக் கிடந்தது. பதிவேடு வந்தது நியாயமே.

ஆனால் கைத்திறனைப் பட்டம் மட்டும் காட்டிவிடாது. இதை நன்றாக உணர்த்துவது, மீயொலியால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1953 அக்டோபரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் அதே மாதிரியை மறுபடி சோதிக்கலாம். எக்கோவில் அப்படி முடியாது. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைக்கிறார்கள். கோணம் கொஞ்சம் பிசகினால் இடது கீழறை நீளம் குறைந்து தெரியும். இதயம் உள்ளதைவிட நன்றாகச் சுருங்குவதுபோலத் தோன்றிவிடலாம். எடுக்காமல் விட்ட படத்தை எந்த நிபுணரும் பிறகு பார்க்க முடியாது. அருகில் நின்று அந்தக் கையைக் கவனித்த ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவில் 1990-களில் எக்கோவுக்கென்றே தனித் தேர்வும் வாரியமும் வந்தன. பிரிட்டனின் எக்கோ சங்கம் எழுத்துத் தேர்வோடு நிற்காமல், மேற்பார்வையில் செய்த நூற்றுக்கணக்கான பரிசோதனைகளின் பதிவுப் புத்தகத்தையும் கேட்டது. பழைய ஆசிரியர் சாட்சியம் இப்படித் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை அதை அந்நியர் ஒருவரும் சரிபார்த்தார். ஆசிரியரே தவறாகக் கற்பித்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இந்தச் சேர்க்கைதான். இந்தியாவின் மூன்று ஆண்டு டி.எம். இதயவியல் படிப்பிலேயே எக்கோ அடங்கியிருக்கிறதே, இன்னொரு சான்று எதற்கு என்பார்கள். அந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு அது பொருந்தும். எக்கோ கருவியைக் கையாள்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லையே.

இந்தியச் சட்டம் மீயொலி ஸ்கேன் கருவிமேல் கண் வைத்தது வேறொரு காரணத்துக்காக. பெண் சிசுவைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருவி உள்ள நிலையத்தைப் பதிவு செய்யச் சொன்னது. அதன்கீழ் 2014-இல் வந்த ஆறு மாதப் பயிற்சி விதி வயிறு, இடுப்புப் பகுதி ஸ்கேனுக்கானது. அந்தப் பாடத்தில் இதயம் இல்லை. கோவில்பட்டியில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும், எக்கோ அறிக்கையின் அடியில் கையெழுத்தும் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கும். கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதை எழுதும்படி எந்த விதியும் கேட்பதில்லை.