கல்லாப்பெட்டி வரலாறும் கணக்குப் பொறிச் செலவும்

தளவாய்புரத்திற் தைத்த ஆடைகள், சிறப்பாக மாதர் அணியும் நைட்டிகள், வெளியூர் பலவற்றிற்கும் சென்று விலையாதல் நம் அன்பர் அறிந்ததே. இவ்வணிகத்தார் இந்நாளில் நாள்வழியையும் பேரேட்டையும் விடுத்து, விலையும் வரியும் இருப்பும் ஒருங்கே பதியும் பொறியை நாடுகின்றனர். பில் போடும் மிஷின் என வழங்கும் அதன் பிறப்பு வரலாற்றை அறிந்தார்க்கு அதன் செலவையும் அளந்தறிதல் எளிதாம்.

அமெரிக்காவில் டேட்டன் என்னும் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பார் மதுக்கடை நடத்தினார். பணியாளர் சிலர் கல்லாப் பணத்தைக் கவர்ந்தமையால் இலாபம் அவர் கைக்கு எட்டவில்லை. 1878-இல் ஐரோப்பாவிற்குக் கப்பலேறியவர், கப்பலின் சுழலி எத்துணை முறை சுற்றியதென எண்ணுங் கருவியைக் கண்டு, காசையும் இங்ஙனம் எண்ணலாகாதோ என்று கருதினார். மறு ஆண்டில் உடன்பிறந்தார் ஜானுடன் பொறியொன்றமைத்து உரிமைப் பட்டயமும் பெற்றார். ஆயினும் அத்தொழில் அவர்க்குப் பயன்தராது பிறர் கைக்கு மாறிற்று. அதனை 1884-இல் வாங்கி உலகெங்கும் பரப்பியவர் ஜான் பாட்டர்சன். கள்ளக் கைக்குக் காவலாகத் தோன்றியதே இப்பொறி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1974 ஜூன் 26-இல் ட்ராய் நகரக் கடையொன்றிற் சூயிங்கம் பொதியொன்று கோட்டுக் குறியால் விலை பதியப்பெற்றது. நம் நாட்டிலோ 2017 ஜூலை 1-இல் வந்த சரக்கு சேவை வரி சிறு கடையினரையும் இதன்பால் தள்ளிற்று.

நிற்க. பாட்டர்சன் விற்றது ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய இரும்பு. இக்காலத்துப் பொறியோ பெரும்பாலும் ஆண்டுதோறும் கூலி கேட்கும் ஏவலாள். வாங்கும் விலையை மட்டும் நோக்கிக் கடன்படுவார் இடர்ப்படுவது இவ்விடத்தேதான். பொறிவிலை 45,000 ரூபாய், அஃது ஐந்தாண்டு உழைக்கும் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 9,000 ஆகும். புதுப்பிப்புக் கட்டணம், தாள், பழுது ஆகியவற்றிற்கு மேலும் 9,000 என வைப்பின், 300 நாள் வணிகத்தில் நாளொன்றுக்கு 60 ரூபாய். நாற்பது பில் போடுங் கடைக்குப் பில்லுக்கு ஒன்றரை ரூபாய். ஐந்து பில் மட்டும் போடுங் கடைக்கோ பன்னிரண்டு! அத்தகையார்க்கு இரட்டைத்தாள் பில் புத்தகமே இப்போதைக்குச் சாலும் என்பது எம் கருத்து. கார்டு வழி வரும் பணத்திற் பிடிக்கும் கழிவையும் சேர்த்தெண்ணல் வேண்டும், யு.பி.ஐ. வழி வங்கிக் கணக்கிலிருந்து வருவதற்கு 2020 ஜனவரி முதல் அக்கழிவு நீக்கப்பட்டது.

இங்ஙனம் சிறிது சிறிதாக ஒதுக்குதல் நம் பக்கத்தார்க்குப் புதிதன்று. விருதுநகர் உறவின்முறையார் சரக்கு மூட்டைக்கு இவ்வளவென மகமை எடுத்துச் சேர்த்த பொருளாலன்றோ 1889-இல் அங்குச் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது! பில்லுக்கு ஒன்றரை ரூபாயைப் பொறி மகமை எனத் தனிப்பற்று வைத்து ஒதுக்குவார்க்கு, ஆறாம் ஆண்டிற் புதுப்பொறி வாங்கக் கடன் வேண்டா.

மற்றொன்று. பாட்டனார் பேரேடு பரணிற் கிடப்பினும் எவர்க்கும் கூலி கொடாது இன்றும் படிக்கலாம். கட்டணம் நின்றால் திறவாத பொறிக்கணக்கு அத்தன்மையதன்று. வரிச்சட்டமோ ஆண்டறிக்கைக் கெடுவினின்று 72 மாதம் கணக்கைக் காக்கச் சொல்லும். ஆதலின் விலை பேசுமுன்னரே, கட்டணம் நின்றபின் பழங்கணக்கு கைக்கு வருமோ என்று விற்பார்பால் எழுத்திற் கேட்டுப் பெறுக. திங்கள்தோறும் கணக்கின் படியொன்றைத் தனியே எடுத்து வைக்கும் செலவையும் அத்திட்டத்திற் சேர்த்தெழுதுக.